நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

பதிவறையைப் பார்த்துக்கொள்ளும் அவள் சீட்டுப் புத்தகத்தைத் திறந்தபோது காலை ஒன்பதே கால் மணி. வங்கியின் கடன் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண் ஓர் அடமானப் பத்திரம் வேண்டுமென்று பதிவறைக் கதவருகில் நின்றுகொண்டிருந்தாள். கடைசியாகக் கிழித்துக் கொடுத்தது எண்பத்தேழாம் சீட்டு. அது செவ்வாய்க்கிழமை காலை. நேற்று முழுக்க அறையைப் பூட்டிவிட்டு மேல்மாடியில் வேலை. ஆகவே இன்றைக்கு எண்பத்தெட்டு என்று எண்ணிக்கொண்டே பேனா மூடியைக் கழற்றினாள். புத்தகத்தில் மேலாக இருந்தது எண்பத்தொன்பது.

அடிக்கட்டையைப் புரட்டிப் பார்த்தாள். எண்பத்தெட்டு கிழிக்கப்பட்டிருந்தது. அடிக்கட்டையில் அவளுடைய உருண்டை உருண்டையான எழுத்து. கோப்பு: ஆற்றோரக் கிடங்கு விற்பனை. பக்கம் 112 முதல் 114 வரை. எடுத்தவர்: மேலாளர், சொத்து விற்பனைப் பிரிவு. செவ்வாய்க்கிழமைத் தேதி. கீழே அவளுடைய சுருக்கொப்பம், வாலை இழுத்து விட்டபடி.

மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னக்கா ஆச்சு? மூஞ்சியெல்லாம் வெளுத்துப் போச்சு?"

"ஒண்ணுமில்ல. காலைல எதுவும் சாப்பிடல."

"அப்ப பத்திரம்?"

"அப்புறமா வா."

அந்தப் பெண் நம்பாமல் நின்றாள். இருபத்தாறு வருடத்தில் பதிவறையிலிருந்து யாரையும் அப்புறமா வா என்று அனுப்பியவள் இல்லை இவள். வந்தவர்களைச் சீட்டு இல்லாமல் அனுப்பியவளும் இல்லை. அதுதான் அந்த அறையின் சட்டம். ஒரு கோப்பிலிருந்து ஒற்றைத் தாளை எடுத்தாலும், அது இருந்த இடத்தில் இளஞ்சிவப்புச் சீட்டு ஒன்றை நூலில் கோத்து வைக்க வேண்டும்: எந்தப் பக்கம், எடுத்தது யார், என்றைக்கு. தாள் திரும்பி வந்ததும் சீட்டை எடுத்துவிடலாம். மற்ற கிளைகளில் இதையெல்லாம் காற்றில் விட்டு வெகுநாளாகிறது. இவள் விடவில்லை. அதனால் கட்டடம் முழுக்க இவளுக்குச் சீட்டக்கா என்றே பெயர். புதிதாக வருகிறவர்கள் ஏலச்சீட்டு நடத்துகிறவள் என்று நினைத்து மாதத் தவணை எவ்வளவு என்று விசாரித்ததும் உண்டு. மாமியாரின் பிள்ளையைக் கட்டிக்கொண்டு வந்தாயே, அவர் வீட்டில் அந்த இடத்தில் சீட்டு வைத்தாயா என்று காசாளர் ஒருவர் ஓய்வு பெறும்வரை கேட்டுக்கொண்டே இருந்தார். அவளும் சலிக்காமல் சிரித்தாள்.

அந்தப் பெண் போனதும் கதவைச் சாத்தினாள். எப்போது எழுதினேன்? எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருமுனைவரை வந்தபிறகு பூட்டினோமா என்று யோசித்தால் வராது, அப்படித்தான் இதுவும். கை எழுதியிருக்கிறது. தன்பாட்டுக்குக் கிழித்திருக்கிறது, நூலில் கோத்திருக்கிறது, முடிச்சும் போட்டிருக்கிறது. செய்த காரியத்தின் யோக்கியதை அந்தக் கைக்குத் தெரியவில்லை.

செய்த காரியம் இதுதான். ஆற்றோரத்தில் வங்கிக்குச் சொந்தமான பழைய கிடங்கும் அதைச் சுற்றிய நிலமும் நான்கு வருடத்துக்கு முன்னால் விற்கப்பட்டன. முதலில் ஒரு மதிப்பீட்டாளர் வந்து அளந்து, விலை போட்டு, மூன்று பக்க அறிக்கை கொடுத்தார். ஆறு வாரம் கழித்து இன்னொருவர் வந்து அதில் பாதிகூட இல்லாத விலை போட்டார். அந்த விலைக்கே விற்பனை நடந்தது. வாங்கிய நிறுவனம் பிறந்தே நாற்பது நாள்தான் ஆகியிருந்தது. இரண்டு அறிக்கைகளும் கோப்பில் இருந்தன. பக்க எண் போட்டவள் அவள்தான். படிக்கவும் படித்தாள். படித்துவிட்டுக் கட்டி வைத்தாள். எண் போடுகிறவளுக்கு எதற்கு விலை பற்றிய விசாரம் என்று அப்போது தோன்றியது.

மூன்று வாரமாக நாடாளுமன்றத்தில் இதே பேச்சு. அரசு வங்கி மக்கள் சொத்தை யாருக்கு, எந்த மதிப்பீட்டின்பேரில் விற்றது என்று எதிர்க்கட்சி உறுப்பினரான ஓர் அம்மா எழுந்து கேட்டார். வங்கி ரகசியம் என்றார் அமைச்சர். ரகசியமாக வைக்க இது யாருடைய வீட்டுச் சொத்து என்றார் அந்த அம்மா. கூச்சல், வெளிநடப்பு, மறுபடி கூச்சல். கடைசியில் அவர் தலைமையிலேயே ஒரு குழு அமைந்தது. கிடங்கையும் சேர்த்துப் பன்னிரண்டு விற்பனைகளின் அசல் கோப்புகளும் வியாழக்கிழமை பதினொன்றரை மணிக்குக் குழுவின்முன் இருக்க வேண்டும், கோப்புகளைக் காக்கிறவரும் கூட வர வேண்டும் என்று ஆணை வந்தது.

செவ்வாய்க்கிழமை மதியம் மேலாளர் அவளை அழைத்தார். உட்காரச் சொன்னார். அவர் எப்போதும் உட்காரச் சொல்கிறவர்தான்.

"அம்மா, இந்த மூணு பக்கம் தப்பா இந்த ஃபைல்ல வந்து சேர்ந்திருக்கு. வேற ஃபைலோடது. எடுத்து என்கிட்ட குடுத்துடுங்க. நம்பரை மட்டும் கொஞ்சம் சரி பண்ணிடுங்க."

வேறு கோப்புடையது இல்லை என்பது அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். கணவருக்கு நெஞ்சில் அறுவை சிகிச்சை நடந்த அன்று அலுவலக வண்டியை அனுப்பியவர் அவர். ஆஸ்பத்திரி நடைபாதையில் மூன்று மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர். ஓய்வுக்கு இன்னும் மூன்று வருடம். சரி சார் என்றாள். அந்த இரண்டு வார்த்தையைச் சொல்ல ஒரு நொடிகூட ஆகவில்லை என்பதுதான் பிறகு அவளை அரித்தது.

கீழே வந்து நூலை அவிழ்த்து மூன்று தாளை உருவினாள். கோப்பு மூடப்படும்வரை பக்க எண்ணைப் பென்சிலால்தான் எழுதுவது வழக்கம். நூற்றுப் பதினைந்திலிருந்து நூற்று அறுபத்தெட்டு வரை ரப்பரால் அழித்து, மூன்று மூன்றாகக் குறைத்து எழுதினாள். அழுதுகொண்டே எழுதினாள். தாளில் சொட்டக்கூடாது என்று முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டாள். மேலாளர் மூன்று தாளையும் கோப்பையும் வாங்கி, கோப்பின் வலது மூலையைக் கட்டைவிரலால் சரசரவென்று விட்டுப் பார்த்தார். நூற்றுப் பதினொன்று, நூற்றுப் பன்னிரண்டு, நூற்றுப் பதின்மூன்று. சீட்டு பாதித் தாள் அகலம்தான். இடது பக்கம் நூலோடு ஒட்டிக் கிடக்கும். வலது மூலையை மட்டும் பார்க்கிறவர் கண்ணில் ஆயுசுக்கும் படாது.

அன்று சாயங்காலம் கணவர் தொலைக்காட்சி முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார். பள்ளியில் விளையாட்டு ஆசிரியர். வீட்டுக்கு வந்த பிறகும் கழுத்தில் விசில் தொங்கும். எதைப் பார்த்தாலும் ஆட்டம் பார்க்கிற மாதிரிதான் பார்ப்பார்.

"பாரு பாரு, அந்தம்மா எப்படி மடக்குறாங்க பாரு! விடக்கூடாது இவனுங்கள. உன் பேங்க்குதானே? உனக்கு ஒண்ணும் தெரியாதா?"

"நான் என்னத்தைக் கண்டேன். தாளை அடுக்குறவ."

"உப்பைத் தின்னவன் தண்ணி குடிச்சுத்தான் ஆகணும். அதிகாரியா இருந்தா என்ன, அடுக்குறவனா இருந்தா என்ன? வரிசையா நிக்க வெச்சு உள்ள தள்ளணும்."

அவள் அப்போதுதான் தண்ணீர் குடிக்க டம்ளரை வாயருகே கொண்டுபோயிருந்தாள். அப்படியே கீழே வைத்துவிட்டாள். வியாழக்கிழமை குழுக் கூட்டத்தை நேரடியாகக் காட்டப்போகிறார்கள், ஆசிரியர்கள் எல்லாரும் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து பார்க்கப்போகிறோம் என்றார் அவர். நானும் அங்கே போகிறேன் என்று சொல்ல வாய் எடுத்தாள். டம்ளரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள்.

இதோ வியாழக்கிழமை வந்துவிட்டது. கோப்புகள் நேற்று மாலையே கான்வாஸ் பையில் போட்டு, ஈய முத்திரை வைத்து, மேலாளர் அறையில் இருக்கின்றன. அவளுக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான்: ஓடிப்போய் அவரிடம் சொல்லிவிட வேண்டும். சார், தெரியாமல் சீட்டு வைத்துவிட்டேன், முத்திரையை உடைத்து எடுத்துவிடலாம். நியாயம் அநியாயம் எதுவும் அந்த நிமிஷத்தில் அவள் தலைக்குள் வரவில்லை. வந்தது ஜெயில். அதை அவள் பார்த்ததில்லை. பள்ளிப் பருவத்தில் பேருந்தில் போகும்போது பார்த்த நீண்ட மதில் ஒன்று மட்டும் தெரியும். அந்த மதில்தான் கண்முன் வந்து நின்றது. சீட்டுப் புத்தகத்தைக் கைப்பையில் திணித்துக்கொண்டு இரண்டிரண்டு படியாக ஏறினாள். முட்டி வலிப்பதுகூடத் தெரியவில்லை.

மேலாளர் தனியாகத்தான் இருந்தார். மேசைமேல் பை. அவள் வாயைத் திறப்பதற்குள் அவர் ஒரு தாளை நீட்டினார்.

"வாங்கம்மா, நானே கூப்பிட இருந்தேன். இதுல ஒரு கையெழுத்து போட்டுடுங்க. சும்மா ஃபார்மாலிட்டிதான். நம்ம வக்கீல் எழுதிக் குடுத்தது."

தட்டச்சு செய்த நாலே வரி. கீழே அவள் பெயரையும் பதவியையும் அடித்து, அதற்கு மேலே கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. 'மேற்படி கோப்பு தொடக்கத்திலிருந்து இன்றுவரை என் ஒருவருடைய பொறுப்பிலேயே இருந்து வருகிறது. அதில் ஏதேனும் சேர்க்கப்பட்டிருந்தாலோ நீக்கப்பட்டிருந்தாலோ அது மேலதிகாரிகள் எவருடைய கவனத்துக்கும் வந்ததில்லை.'

இருபத்தாறு வருடமாகத் தாள் படிக்கிறவள். முதல் வாக்கியம் பரவாயில்லை. இரண்டாவது வாக்கியத்தை மூன்று தடவை படித்தாள்.

"இதெதுக்கு சார் இப்போ?"

"மொதல்ல வெல போட்ட அந்த வேல்யூயர் இருக்கான்ல, அவன்கிட்ட ஒரு நகல் இருக்குன்னு பேச்சு அடிபடுது. அந்தம்மாவைப் போய்ப் பாத்தானாம். வதந்தியாக்கூட இருக்கலாம். எதுக்கும் ஒரு பாதுகாப்புக்குத்தான்."

யாருக்குப் பாதுகாப்பு என்று அவர் சொல்லவில்லை. சீட்டைப் பற்றிச் சொல்ல வந்தவள் கைப்பையை இறுக மூடிக்கொண்டாள். நகல் வெளியே வந்தால் அசல் எங்கே என்று கேட்பார்கள். அசல் அவர் கையில். பழி இந்தத் தாளில், அவள் கையெழுத்துக்கு மேலே. கிழித்துப் போட்டிருப்பாரோ, எரித்திருப்பாரோ, அந்த மூன்று பக்கமும் யாரிடம் போனது என்று சொல்ல இந்த உலகத்தில் இப்போது இருப்பது ஒரே ஒரு சாட்சி. அது அந்தப் பைக்குள், நூலில் மாட்டிக்கொண்டு கிடக்கிறது. சொன்னால் அதையும் எடுத்துவிடுவார். சொல்லாவிட்டால் அதில் அவள் பெயரும் இருக்கிறது. முன்னால் போனால் கடிக்கும், பின்னால் வந்தால் உதைக்கும் என்பது இதுதான் போலிருக்கிறது.

"படிச்சுட்டுப் போட்டுத் தர்றேன் சார்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். சரி சார் என்று உடனே வராதது அவருக்குப் புதிது. ஆனாலும் சிரித்தார்.

"வண்டியில படிங்க. நேரமாச்சு."

வண்டியில் பையை அவளே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. பின்னிருக்கையில் அவளும் மேலாளரும். மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். கனம் என்றால் இத்தனை கனம் என்று அவளுக்கு இன்றுதான் தெரிந்தது. தொடை இரண்டும் மரத்துப்போயின. சிக்னலில் வண்டி நிற்கும்போதெல்லாம் கதவைத் திறந்துகொண்டு இறங்கி நடந்துவிடலாமா என்றிருந்தது. நடந்து எங்கே போவது? வீட்டுக்குப் போனால் கணவர் கேட்பார். பக்கத்து வரிசையில் ஸ்கூட்டரில் ஓர் அம்மாவும் ஒரு சின்னப் பெண்ணும் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். இந்த ஊரில் இன்றைக்குப் பயப்படாமல் இருக்கிறவர்களும் இருக்கிறார்கள் என்பதே அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

மேலாளர் தன் பேனாவை நீட்டினார். கனமான, கறுப்புப் பேனா.

"என் பேனா இருக்கு சார்."

"அப்ப போடுங்க."

"வண்டி ஆடுது சார். கோணலாப் போயிடும்."

அவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். கொஞ்ச தூரம் போனபிறகு, ஜன்னல் பக்கம் பார்த்தபடியே, "வீட்டுக்காரர் எப்படி இருக்காரு? மாத்திரையெல்லாம் ஒழுங்கா சாப்பிடறாரா?" என்றார். அதை அக்கறையாகவே கேட்ட மாதிரிதான் இருந்தது. அதுதான் பயங்கரமாக இருந்தது. மிரட்டியிருந்தால்கூட மனது ஒரு பக்கமாக நின்றிருக்கும். சாப்பிடறாரு சார் என்றாள். உள்ளங்கை வியர்வையில் அந்தத் தாளின் ஓரம் நைந்துபோயிருந்தது.

குழு அறை அவள் நினைத்ததைவிடச் சிறியது. நீளமான வளைந்த மேசை, ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு ஒலிவாங்கி, குளிரூட்டியின் சத்தம். மேலே மூலையில் ஒரு கேமரா. தலைவி நடுவில் இருந்தார். தொலைக்காட்சியில் பார்த்ததைவிடச் சிறிய உருவம், கண்ணாடி மூக்கு நுனியில். சாட்சிகளுக்கான மேசையில் மேலாளரும் அவளும் பக்கத்தில் பக்கத்தில். இந்நேரம் கணவர் ஸ்டாஃப் ரூமில் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டிருப்பார், மனைவியைத் திரையில் பார்த்ததும் யாரிடம் என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்தாள். நினைக்காமல் இருக்க மேசையின் மர ரேகைகளை எண்ணினாள்.

"கிடங்கு விற்பனைல மொத மதிப்பீடுன்னு ஒண்ணு இருந்ததா, இல்லையா?" என்றார் தலைவி.

"இந்தக் கோப்புல அப்படி ஒண்ணு இருந்ததே இல்லீங்க" என்றார் மேலாளர். குரல் கொஞ்சமும் பிசிறவில்லை. "பக்க எண்ணெல்லாம் வரிசையா இருக்கு. நீங்களே பாத்துக்கலாம்."

தலைவி தலையசைத்தார். குழுவின் எழுத்தர் எழுந்து வந்து முத்திரையை உடைத்தார். ஐம்பது வயதிருக்கும். சட்டைப் பையில் இரண்டு பென்சில். கிடங்குக் கோப்பைத் தனியாக எடுத்து மேசையில் வைத்து, இடது கையால் அதன் முதுகை ஒருமுறை அழுத்திவிட்டார். அந்த அழுத்தலைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. இது தொழில்காரர் கை. இவர் மூலையைச் சரசரவென்று விட்டுப் பார்க்கிறவர் இல்லை. நூல் பக்கத்திலிருந்து, விரலை நனைத்து, தாள் தாளாக எண்ணுகிறவர். அவளும் அப்படித்தான் எண்ணுவாள்.

எழுத்தர் எண்ணினார். அறையில் வேறு யாரும் அவரைப் பார்க்கவில்லை. உறுப்பினர் ஒருவர் தண்ணீர் குடித்தார், இன்னொருவர் கைப்பேசியில் இருந்தார், மேலாளர் பின்வரிசையில் இருந்த வங்கி வக்கீலுக்கு ஏதோ குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். அவள் மட்டும் ஒவ்வொரு தாளுக்கும் அவரோடு எண்ணினாள். எழுபது. தொண்ணூறு. நிறுத்துங்கள் என்று கத்தலாம் போலிருந்தது. சீக்கிரம் என்று கத்தலாம் போலவும் இருந்தது. நூறைத் தாண்டியபோது காதுக்குள் ஒரு இரைச்சல் கிளம்பி மற்ற சத்தமெல்லாம் தூரமாகப் போயிற்று. நூற்றெட்டு. நூற்றுப் பத்து. நூற்றுப் பதினொன்று.

விரல் நின்றது.

அவர் பதறவில்லை. மடிந்திருந்த சீட்டின் ஓரத்தை நகத்தால் நீவி நிமிர்த்தினார். குனிந்து படித்தார். பிறகு தலையைத் தூக்கி, மேலாளரை அல்ல, அவளைப் பார்த்தார். வேலை தெரிந்தவர் வேலை தெரிந்தவரைப் பார்க்கிற பார்வை. கோப்பை அப்படியே விரித்தபடி தூக்கிக்கொண்டு போய்த் தலைவியின் முன்னால் வைத்தார்.

தலைவி கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டு படித்தார். இரண்டு முறை படித்திருக்க வேண்டும், அவ்வளவு நேரம் ஆயிற்று.

"இந்தச் சீட்டு வெச்சது யாரு?"

மேலாளரின் பேனா நின்றது. அவர் மேசையின் அந்தப் பக்கத்தில் தெரிந்த இளஞ்சிவப்பைப் பார்த்தார். பிறகு மெதுவாக அவள் பக்கம் திரும்பினார். மேசைக்கு அடியில் ஒரு கை வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

"தெரியாதுன்னு சொல்லிடுங்கம்மா" என்றார் உதடு அசையாமல். "என் புள்ளைங்க பாத்துட்டிருக்காங்க."

அந்தக் கை ஐஸ் மாதிரி இருந்தது. இவருக்கும் பயம் வரும் என்று இந்த இரண்டு நாளில் ஒரு தடவைகூட அவள் நினைத்துப் பார்க்கவில்லை. ஒரு நொடி அவர்மேல் இரக்கம் பொங்கியது. ஆஸ்பத்திரி நடைபாதையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது நிஜம். மேசைமேல் கிடந்த தாளில் அவள் பெயருக்கு மேலே வெற்றிடம் இருப்பதும் நிஜம்.

மணிக்கட்டை அவர் பிடியிலிருந்து உருவிக்கொண்டு எழுந்து நின்றாள்.

"உக்காந்தே பேசலாம்மா" என்றார் தலைவி. "பயப்படாதீங்க."

அவள் உட்காரவில்லை. சிப்பந்தி ஒருவர் ஓடிவந்து ஒலிவாங்கியின் கழுத்தை அவள் உயரத்துக்கு வளைத்துவிட்டு, பொத்தானை அழுத்தினார். அதன் நுனியைச் சுற்றிச் சிவப்பாக ஒரு வளையம் எரிந்தது. பேச வாயைத் திறந்தாள். வார்த்தைக்கு முன்னால் மூச்சுதான் வந்தது. மாடிப்படி ஏறிவந்தவளின் மூச்சு போல அது நான்கு சுவர்களிலிருந்த பெட்டிகள் வழியாகவும் அறை முழுக்கக் கேட்டது. கைப்பேசியில் இருந்த உறுப்பினர்கூடத் தலைநிமிர்ந்து, அது அடங்கட்டும் என்று காத்திருந்தார்.